பொய் சொல்லும் முள்

வழியின் நீளத்தை அளப்பது மனிதனுக்கு மிகப் பழைய கலை. கிறிஸ்துவுக்கு முந்திய முதல் நூற்றாண்டில் வாழ்ந்த ரோமானியக் கட்டடக் கலைஞர் விட்ரூவியஸ், தமது நூலில் ஒரு விந்தையான வண்டியை வருணித்திருக்கிறார். அதன் சக்கரத்தோடு பல்சக்கரங்கள் இணைந்திருக்கும். வண்டி ஒரு மைல் சென்றதும் கூழாங்கல் ஒன்று கீழேயுள்ள வெண்கலப் பாத்திரத்தில் ஓசையுடன் விழும். பயணம் முடிந்தபின் கற்களை எண்ணினால் வழியின் நீளம் தெரிந்துவிடும். ஆனால், 'இந்தக் கணத்தில் எவ்வளவு விரைவாகப் போகிறோம்?' என்ற கேள்வியை அந்த வண்டியில் எவரும் கேட்டதாகத் தெரியவில்லை. கேட்க வேண்டிய தேவையும் இல்லை. மாட்டின் விரைவும் குதிரையின் விரைவும் ஓட்டுபவனின் கைக்கும் கண்ணுக்கும் அடங்கியவையாகவே இருந்தன.

நீராவி யந்திரம் வந்த பின்னரே அந்தக் கேள்வி பிறந்தது. குதிரை களைத்தால் தானே நிற்கும், யந்திரம் நிற்பதில்லை. சுமை குறைந்த மறுகணமே அது தறிகெட்டு ஓடும். நூல் அறும், திரிகைக் கல் மாவைக் கருக்கிவிடும், பெரும் உருளைச் சக்கரம் உடைந்து சிதறவும் கூடும். இந்த ஆபத்தைத் தடுக்க, மாவு ஆலைகளில் வழங்கிவந்த ஓர் உபாயத்தை ஜேம்ஸ் வாட் 1788ஆம் ஆண்டில் தமது யந்திரத்துக்கு எடுத்துக்கொண்டார். இரண்டு கனத்த குண்டுகள் ஒரு தண்டைச் சுற்றிச் சுழலும். சுழற்சி மிகுந்தால் குண்டுகள் அகன்று உயரும். அவை உயர்ந்தால் நீராவி வரும் வழி சுருங்கும். இராட்டினத்தில் சுற்றும் குழந்தை வெளிப்புறமாகத் தள்ளப்படுவதும் இதே விதியால்தான். வாட்டின் குண்டுகள் விரைவைக் கட்டுப்படுத்தினவே தவிர, எவ்வளவு விரைவு என்று எண்ணால் சொல்லவில்லை.

எண்ணால் சொல்லும் கருவியைச் செய்தவர்களுள் முந்தியவர் இங்கிலாந்தின் பிரையன் டாங்கின். காகிதம் செய்யும் யந்திரத்தைச் செப்பனிட்டு உலகுக்குத் தந்தவரும், தகர டப்பியில் உணவை அடைத்து விற்கும் தொழிலைத் தொடங்கியவர்களுள் ஒருவரும் இவரே. 1810ஆம் ஆண்டில் லண்டன் கலைச் சங்கத்தின் தங்கப் பதக்கத்தை இவருக்குப் பெற்றுத் தந்த கருவி எளிமையும் அழகும் உடையது. ஒரு கிண்ணத்தில் பாதரசம். கிண்ணத்தை யந்திரத்தோடு சேர்த்துச் சுழற்றினால் பாதரசம் ஓரங்களில் ஏறி நடுவில் குழியும். அந்தக் குழியில் அடிமுனை தோய்ந்து நிற்கும் கண்ணாடிக் குழாயில் வண்ணச் சாராயம் நிறைந்திருக்கும். பாதரசம் குழியக் குழிய, சாராயமும் குழாயில் இறங்கும். இறங்கிய அளவே சுழற்சியின் விரைவு. சுழற்சி இரு மடங்கானால் குழிவு நான்கு மடங்காகும். ஆகையால் அதன் அளவுகோலில் கோடுகள் ஒரே சீராக இருப்பதில்லை. 1817ஆம் ஆண்டில் ஜெர்மானியரான டீட்ரிக் ஊல்ஹார்ன் ஆலை யந்திரங்களுக்கென ஒரு சுழல்வேகமானியைச் செய்தார். நாணயம் அச்சடிக்கும் அழுத்து யந்திரத்தால் பெரும் புகழ் பெற்றவர் அவர். இந்தக் கருவியை நினைப்பவர் குறைவு. கிரேக்க மொழியில் விரைவைக் குறிக்கும் சொல்லையும் அளவைக் குறிக்கும் சொல்லையும் சேர்த்து இக்கருவிக்கு டாக்கோமீட்டர் என்று பெயர் வழங்கலாயிற்று. நம் பட்டறைகளில் அதற்கு ஆர்.பி.எம். மீட்டர் என்று பெயர். ஒரு நிமிஷத்துக்கு எத்தனை சுற்று என்பதை அது காட்டுகிறது.

இருப்புப்பாதை வந்தபோது விரைவு பொதுமக்களின் பேச்சுக்கும் பொருளாயிற்று. கணக்கிடும் யந்திரங்களுக்குப் பேர்போன சார்ல்ஸ் பாபேஜ் 1839ஆம் ஆண்டை ஒட்டி, கிரேட் வெஸ்டர்ன் ரயில்வேயில் ஒரு தனிப் பெட்டியை அமைத்து, வண்டியின் ஓட்டத்தைக் காகிதச் சுருளில் தானே வரையச் செய்தார். கருவி இல்லாத பயணிகளுக்கு ஓர் எளிய வழி இருந்தது. நம் நாட்டு அகல ரயில் பாதையில் தண்டவாளத் துண்டு ஒன்றின் நீளம் 13 மீட்டர். ஆகவே 47 விநாடிகளில் எத்தனை முறை 'தடக்' என்னும் இணைப்பின் ஓசை கேட்கிறதோ, அதுவே ஏறக்குறைய மணிக்கு அத்தனை கிலோமீட்டர். கிராண்ட் டிரங்க் எக்ஸ்பிரஸில் சென்னைக்கும் தில்லிக்கும் இடையே இரண்டு இரவுகளைக் கழித்த தலைமுறையினர் பலர் இதைக் கைக்கடிகாரத்தோடு விளையாடியிருப்பர். நீளமாகப் பற்றவைத்த தண்டவாளங்கள் வந்தபின் அந்த ஓசை பெரும்பாலும் ஓய்ந்துவிட்டது.

இனி, மோட்டார் வண்டியின் மீட்டருக்கு வருவோம். அதன் வேர் ஒரு விஞ்ஞானியின் வியப்பில் இருக்கிறது. 1824ஆம் ஆண்டில் பிரெஞ்சு அறிஞர் பிரான்சுவா அராகோ, ஒரு செப்புத் தட்டைச் சுழற்றி, அதன்மேல் காந்த ஊசி ஒன்றைத் தொங்கவிட்டார். செம்பைக் காந்தம் ஈர்ப்பதில்லை. இரண்டும் ஒன்றையொன்று தொடவும் இல்லை. ஆயினும் தட்டு சுழன்ற திசையிலேயே ஊசியும் இழுபட்டுச் சென்றது. ஏன் என்று ஐரோப்பா முழுவதும் ஏழு ஆண்டுகள் திகைத்தது. 1831ஆம் ஆண்டில் மைக்கேல் பாரடே மின்தூண்டலைக் கண்டறிந்த பின்னரே விடை கிடைத்தது. காந்தத்தின் எதிரில் உலோகம் அசையும்போது உலோகத்துக்குள்ளே நீர்ச்சுழல் போன்ற மின்னோட்டங்கள் எழுகின்றன. அவற்றின் காந்த விசையே ஊசியை இழுக்கிறது. அசைவு விரைந்தால் இழுப்பும் மிகும்.

இந்த உண்மையை வண்டிக்குள் கொண்டுவந்தவர் ஸ்ட்ராஸ்பர்க் நகரத்து ஓட்டோ ஷுல்ட்ஸே. 1902ஆம் ஆண்டில் அவர் காப்புரிமை பெற்ற கருவியில், வளையும் கேபிள் ஒன்று ஒரு சிறு காந்தத்தைச் சுழற்றுகிறது. காந்தத்தைச் சுற்றி, அதைத் தொடாமல், அலுமினியக் கிண்ணம் ஒன்று கவிந்திருக்கிறது. கிண்ணம் காந்தத்தோடு சேர்ந்து சுழல முயலும். மயிரிழை போன்ற சுருள்வில் அதைத் தடுத்து நிறுத்தும். இழுப்பும் தடுப்பும் சமமாகும் இடத்தில் முள் நிற்கும். அந்தக் கேபிளின் வாலைக் கியர்ப் பெட்டியில் மாட்டினால் வண்டியின் விரைவு. எஞ்சினில் மாட்டினால் எஞ்சினின் சுழற்சி. ஸ்பீடாமீட்டரும் டாக்கோமீட்டரும் இவ்வகையில் உடன்பிறந்தவையே. மறு ஆண்டே பிரிட்டனில் மோட்டார் கார்ச் சட்டம் இயற்றப்பட்டு, மணிக்கு 20 மைல் என்னும் எல்லை வகுக்கப்பட்டது. ஆகவே ஸ்பீடாமீட்டரை நாடுவோர் பெருகினர். அதே 1903ஆம் ஆண்டு டிசம்பர் 17ஆம் நாள் ரைட் சகோதரர்கள் பறந்த விமானத்தில் இருந்த கருவிகள் மூன்றே: காற்றின் ஓட்டத்தை அளக்க ஒன்று, நேரத்துக்கு ஒரு கடிகாரம், எஞ்சின் எத்தனை சுற்றுச் சுற்றியது என்று எண்ண ஒன்று.

நம் நாட்டுப் பழைய கார்களில் டாக்கோமீட்டர் அருமையாகவே காணப்பட்டது. 1957ஆம் ஆண்டு முதல் 2014ஆம் ஆண்டு வரை உத்தர்பாராவில் உருவான அம்பாசிடரின் முகப்பில் நெடுங்காலம் அதற்கு இடமில்லை. எஞ்சினின் முனகலைக் கேட்டே கியர் மாற்றினோம். ஆனால் அயல்நாட்டிலிருந்து வந்த விளையாட்டுக் கார்களிலும், 1980களில் பரீதாபாத் நிறுவனத்தார் செய்த ராஜ்தூத் 350 மோட்டார் சைக்கிளிலும், உழவு டிராக்டர்களிலும் அது இருந்தது. இவற்றுள் பல இன்றும் ஓடுகின்றன. அவற்றின் முள் நடுங்கும்போதும் நிற்கும்போதும் உடைமையாளர் பதறி மீட்டரையே தூக்கி எறிந்துவிடுவதைக் காண்கிறோம். அது பெரும்பாலும் தேவையற்ற இழப்பு. பழுது எங்கே என்று அறிய, அந்த மீட்டர் எந்தத் தலைமுறையைச் சேர்ந்தது என்று முதலில் அறிய வேண்டும். பாட்டனுக்கு வந்த பிணிக்குப் பேரனின் மருந்து உதவாது.

ஷுல்ட்ஸேயின் குலத்தைச் சேர்ந்த கேபிள் மீட்டரை எடுத்துக்கொள்வோம். முள் அடியோடு எழவில்லை எனில், மீட்டரின் பின்புறத்துத் திருகைக் கழற்றிக் கேபிளின் முனையைப் பார்த்துக்கொண்டு எஞ்சினை ஓட்ட வேண்டும். உள்ளிழை சுழல்கிறதா? சுழலவில்லையானால் மீட்டர் குற்றமற்றது; இழை அறுந்திருக்கும், அல்லது அதன் சதுர முனை தேய்ந்து வழுக்கும், அல்லது எஞ்சினிலுள்ள சிறு பல்சக்கரம் பல்லிழந்திருக்கும். சுழல்கிறதெனில், மீட்டரின் துளையில் பொருந்தும் ஒரு துண்டு இழையை விரல்களால் சரியான திசையில் விரைந்து திருகிப் பார்க்கலாம். முள் சற்றேனும் துள்ள வேண்டும். துள்ளாவிடில்தான் மீட்டரைத் திறக்கும் பேச்சு எழுகிறது.

முள் நடுங்குவது வேறு கதை. உள்ளிழை உறைக்குள் வறண்டு கிடந்தால், அது ஓரிடத்தில் சிக்கித் தன்னை முறுக்கிக்கொண்டு பிறகு சட்டென விடுபடும். அந்தத் துள்ளலே முள்ளின் நடுக்கம். கேபிள் கூர்மையாக மடிந்திருந்தாலும் அப்படியே. இழையை உருவி, மண்ணெண்ணெயில் கழுவி, உலர்த்தி, கிரீஸை மெல்லியதாகத் தடவிச் செருகினால் பெரும்பான்மையும் குணமாகும். மீட்டருக்குச் சேரும் மேல்முனையில் சில அங்குலத்துக்குக் கிரீஸ் தடவாமல் விடுவது முக்கியம். உற்சாகம் மிகுந்த கைகள் எண்ணெயை ஊற்றிவிடும். இழை திருகாணியைப்போல் அதை மேலே ஏற்றி மீட்டருக்குள் கொண்டு சேர்க்கும். காந்தத்துக்கும் கிண்ணத்துக்கும் இடையே எண்ணெய் புகுந்தால் அது பசைபோலக் கிண்ணத்தைப் பிடித்து இழுக்கும். எஞ்சின் மெதுவாக ஓடும்போதும் முள் உச்சியில் நிற்கும். எண்ணெய் இல்லாமலும் மீட்டர் மிகையாகக் காட்டினால் சுருள்வில் தளர்ந்திருக்கிறது என்று ஐயுறலாம். குறைத்துக் காட்டினால் காந்தம் முதுமையடைந்திருக்கலாம்.

வெயிலுக்கும் இதில் பங்கு உண்டு. அலுமினியம் சூடேறினால் அதன் மின்தடை மிகும். சுழி மின்னோட்டம் குறையும். 20 டிகிரியிலிருந்து நாகபுரியின் கோடையான 45 டிகிரிக்குச் செல்லும்போது, வேறு ஏற்பாடு இல்லையெனில், முள் சுமார் 10 சதவீதம் குறைத்துக் காட்டிவிடும். இதை ஈடுசெய்ய, வெப்பத்தில் காந்தத்தைத் தன்வழியே குறைவாகக் கடத்தும் நிக்கல்-இரும்புக் கலவைத் தகடு ஒன்றைக் காந்தத்தின் பக்கத்தில் வைத்தார்கள். மீட்டரைப் பிரித்துச் சுத்தம் செய்பவர் சிலர், 'இது எதற்கு?' என்று அந்தத் தகட்டை எடுத்தெறிந்துவிடுவதும் உண்டு. அப்புறம் மார்கழியில் ஒரு கணக்கு, வைகாசியில் ஒரு கணக்கு.

இங்கே ஒரு விதிவிலக்கைச் சொல்ல வேண்டும். 1950களின் பிரிட்டிஷ் மோட்டார் சைக்கிள்கள் பலவற்றில் ஸ்மித்ஸ் நிறுவனத்தாரின் குரோனோமெட்ரிக் என்னும் மீட்டர் இருந்தது. அதில் காந்தமே இல்லை. உள்ளே கடிகாரத்தைப்போல ஓர் ஒழுங்குச் சக்கரம் இருக்கிறது. விநாடிக்கும் குறைவான ஒரு குறித்த நேரத்தில் எத்தனை சுற்று என்று பல்சக்கரங்கள் எண்ணி, அந்த எண்ணிக்கையை முள்ளிடம் ஒப்படைத்துவிட்டு, மீண்டும் முதலிலிருந்து எண்ணுகின்றன. ஆகையால் அதன் முள் வழுக்கிச் செல்லாது; படிப்படியாகத் தாவும். இந்தத் தாவலைப் பழுது என்று எண்ணி நல்ல மீட்டரைப் பிரித்துப் பாழாக்கியவர் உண்டு. தாவுவது அதன் இயல்பு. ஒரே இடத்தில் தாவாமல் நின்றால்தான் கவலைப்பட வேண்டும்.

அடுத்த தலைமுறை மின்சாரத்தினுடையது. ஜாகுவார் ஈ-டைப் காரின் முதல் மாதிரிகளில் கேம் தண்டின் பின்முனையில் ஒரு குட்டி ஜெனரேட்டர் இருந்தது. எஞ்சின் விரைந்தால் அதன் மின் அழுத்தம் உயரும். முகப்பிலுள்ள மீட்டர் அதையே படிக்கும். வேறு சில சிறு கார்களில் டைனமோவின் பின்முனையிலிருந்தே கேபிள் புறப்பட்டது. அத்தகைய வண்டியில் டைனமோவைக் கழற்றிவிட்டு ஆல்டர்னேட்டர் பொருத்தினால், பாட்டரிக்கு நன்மை. டாக்கோமீட்டருக்கோ உயிர்நாடியே போய்விடும். மாற்றம் செய்த பின் 'மீட்டர் கெட்டுவிட்டது' என்று புலம்புவதில் பொருளில்லை.

1960களில் பொறியையே எண்ணும் மீட்டர் பரவியது. நான்கு சிலிண்டர், நான்கு வீச்சு எஞ்சினில் ஒவ்வொரு சுற்றுக்கும் இரண்டு பொறிகள், ஆறு சிலிண்டருக்கு மூன்று, எட்டுக்கு நான்கு. நிமிஷத்துக்கு 3,000 சுற்றில் ஓடும் நான்கு சிலிண்டர் எஞ்சினில் விநாடிக்கு 100 பொறிகள் தெறிக்கின்றன. இக்னிஷன் காயிலுக்குச் செல்லும் மின்னோட்டம் அத்தனை முறை அறுந்து அறுந்து செல்வதை மீட்டர் எண்ணுகிறது. ஆகவே, நான்கு சிலிண்டர் காரின் மீட்டரை ஆறு சிலிண்டர் வண்டியில் மாட்டினால் அது உள்ளதைப்போல் ஒன்றரை மடங்கு காட்டும். சென்னையின் புதுப்பேட்டையிலோ, கல்கத்தாவின் மல்லிக் பஜாரிலோ, தில்லியின் காஷ்மீரி கேட்டிலோ பழைய மீட்டர் வாங்கப் போகிறவர்கள் பளபளப்பைப் பார்க்குமுன் இந்தக் கணக்கைக் கேட்டுக்கொள்வது நல்லது.

அக்காலத்துப் பிரிட்டிஷ் கார்களில் இன்னொரு மறைபொறியும் உண்டு. அவற்றில் பாட்டரியின் நேர்முனையே வண்டியின் உடலோடு, அதாவது எர்த்தோடு, சேர்ந்திருந்தது. 1960களின் இறுதியில் அந்த வழக்கம் மாறி எதிர்முனை எர்த் ஆயிற்று. பழைய வண்டியைப் புதிய முறைக்கு மாற்றுவோர் பாட்டரியைத் திருப்பிவிட்டு ஓய்ந்துவிடுகிறார்கள். அந்த ஸ்மித்ஸ் மீட்டருக்குள் இருக்கும் டிரான்சிஸ்டர்களுக்குத் திசை உண்டு. முதல் முறை சாவியைத் திருப்பும்போதே அவை மடிந்துவிடலாம். மீட்டருக்குள் செல்லும் மின்னிணைப்பையும், காயில் கம்பி அதன் முதுகில் வளைந்து செல்லும் திசையையும் சேர்த்தே மாற்ற வேண்டும். அதேபோல, தேய்ந்த பாயிண்ட்டுகளை நீக்கி மின்னணு இக்னிஷன் பொருத்திய வண்டிகளில், மின்னோட்டத்தின் வடிவம் மாறிவிடுவதால் இவ்வகை மீட்டர் ஊமையாகிப்போவதும் உண்டு.

மீட்டரைச் சந்தேகிக்குமுன் கம்பிகளைச் சந்தேகிப்பதே முறை. மின்சார மீட்டருக்கு மூன்று உயிர்நாடிகள்: சாவியிலிருந்து வரும் மின்சாரம், வண்டியின் உடலோடு சேரும் எர்த், காயிலிலிருந்து வரும் செய்தி. எர்த் துருப்பிடித்திருந்தால், விளக்கைப் போட்டதும் முள் ஆடும். திரும்பும் விளக்கு மினுக்கும்போதெல்லாம் தாளமும் போடும். அப்படியானால் நோய் மீட்டரில் இல்லை, ஒரு திருகில். செய்திக் கம்பி தளர்ந்தால் மேடு பள்ளங்களில் முள் விழுந்து விழுந்து எழும். இம்மூன்றும் நலமாயிருந்து, பாயிண்ட்டும் கண்டென்சரும் நலமாயிருந்தும் முள் தடுமாறினால்தான், மீட்டருக்குள் அறுபது ஆண்டுகளாக உலர்ந்து கிடக்கும் மின்தேக்கியை மாற்றும் வேலைக்கு இறங்க வேண்டும். இதற்குப் பழைய சிற்றலை வானொலிப் பெட்டி ஒன்றும் உதவும். நிலையம் எதுவும் பேசாத இடத்தில் முள்ளை வைத்து, எஞ்சின் மூடியருகே பிடித்தால், ஒவ்வொரு பொறியும் 'டிக், டிக்' என்று ஒலிக்கும். அந்த ஒலி சீராக இருக்கையில் மீட்டரின் முள் மட்டும் குதித்தால் பொய் சொல்வது மீட்டரே. ஒலியும் சேர்ந்து தடுமாறினால், 'டெல்கோ' என்று நம் மெக்கானிக்குகள் வழங்கும் டிஸ்டிரிபியூட்டரின் பக்கம் திரும்ப வேண்டும்.

மீட்டர் உண்மை சொல்லும்போது அதைப் பொய்யென்று தள்ளிவிடுவது பெரிய இழப்பு. நெடுஞ்சாலையில் கியரோடு ஓடிக்கொண்டிருக்கையில் எஞ்சின் உயிரிழந்தது என்று கொள்வோம். சக்கரங்கள் எஞ்சினை இன்னும் சுழற்றிக்கொண்டிருக்க, பொறியை எண்ணும் டாக்கோமீட்டரின் முள் அக்கணமே சுழிக்கு விழுந்தால், பொறி இல்லை என்று பொருள். காயிலையும் சாவியையும் பாயிண்ட்டையும் பார்க்க வேண்டும். முள் விழாமல், வண்டியின் விரைவோடு சேர்ந்து மெல்ல இறங்கினால், பொறி உண்டு, பெட்ரோல்தான் இல்லை. இரவில் அந்நிய ஊரில் வழியோரம் நிற்கும் ஒருவனுக்கு இந்த ஒரு குறிப்பு ஒரு மணி நேரத்தை மிச்சப்படுத்தும். இன்னொன்று: உச்சக் கியரில் டாக்கோமீட்டரும் ஸ்பீடாமீட்டரும் எப்போதும் ஒரே விகிதத்தில் ஏறி இறங்க வேண்டும். மேட்டில் ஏறும்போது டாக்கோமீட்டர் மட்டும் தனியே எழுந்தால், மீட்டரைக் கழற்றச் சொல்லும் மெக்கானிக்கிடம் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும், வழுக்குவது கிளச்.

மீட்டர் சரியா என்று ஒப்புநோக்க ஒரு நம்பகமான எஜமானன் நம் வீட்டிலேயே இருக்கிறான், அவன் மின்சாரம். நம் நாட்டு மின்னோட்டம் விநாடிக்கு 50 முறை திசை மாறிச் சுழல்கிறது. சோக் பொருத்திய பழைய குழல்விளக்கு விநாடிக்கு 100 முறை அணைந்து எரிகிறது. நம் கண்ணுக்கு அது தெரிவதில்லை. எஞ்சின் தண்டின் முன்முனையிலுள்ள கப்பியில் சுண்ணாம்புக் கட்டியால் ஒரு கோடு போட்டு, அவ்விளக்கின் ஒளியில் மட்டும் பார்க்க வேண்டும். நிமிஷத்துக்குச் சரியாக 3,000 சுற்றாகும்போது ஒன்றுக்கொன்று எதிரெதிராக இரண்டு கோடுகள் அசையாமல் நிற்பதுபோல் தோன்றும். 1,500 சுற்றில் நான்கு கோடுகள் சிலுவைபோல் நிற்கும். வியன்னாவில் சைமன் ஸ்டாம்பர் 1832ஆம் ஆண்டில் கண்ட தத்துவந்தான் இது. கிராமபோன் வைத்திருந்தவர்கள் இதை அறிவார்கள்: 77 கோடுகள் அச்சிட்ட வட்டத்தாளை 78 சுற்றுத் தட்டின்மேல் வைத்து, விளக்கொளியில் கோடுகள் நிற்கும்வரை விரைவைத் திருத்துவார்கள். ஓர் எச்சரிக்கை: சுழல்கிற கப்பியும் விசிறியும் இவ்வொளியில் நிற்பதாகத் தோன்றும். அதை நம்பிக் கை நீட்டினால் விரல் போகும். இக்கால எல்.இ.டி. விளக்குகள் பல அவ்வாறு அணைந்து எரிவதில்லை. அவற்றால் இச்சோதனை கைகூடாது.

டீசல் எஞ்சினில் பொறியே இல்லை. எண்ணுவதற்கு வேறொன்று வேண்டும். ஆல்டர்னேட்டரில் டபிள்யூ என்று குறித்த முனையிலிருந்து எழும் அலைகளை எண்ணும் முறை லாரிகளிலும் டிராக்டர்களிலும் பரவியது. இதில் ஆல்டர்னேட்டரின் கப்பி அளவும், அதன் காந்த முனைகளின் எண்ணிக்கையும் கணக்கில் சேரும். வேறு வண்டியின் ஆல்டர்னேட்டரைப் பொருத்தினால் மீட்டர் தவறும். பெல்ட் தளர்ந்து வழுக்கினால் எஞ்சின் விரைய விரைய முள் பின்தங்கும். அப்போது பாட்டரியும் சரியாக நிரம்பாமலிருக்கும் என்பது கூடுதல் சான்று.

டிராக்டரில் இந்த மீட்டர் அழகுக்கு வைத்ததன்று. 1960ஆம் ஆண்டில் சென்னையில் தொடங்கப்பட்ட டாஃபே நிறுவனத்தின் செம்பியம் தொழிற்சாலையிலிருந்து மாஸி பெர்குசன் டிராக்டர்கள் நாடெங்கும் சென்றன. பஞ்சாபிலும் உத்தரப் பிரதேசத்திலும் வயலோரம் நின்று பார்த்த தமிழர், நம்மூர் யந்திரம் அயலூர் மண்ணில் உழுவதைக் கண்டிருப்பர். கதிரடிக்கும் யந்திரத்தையும் நீரிறைக்கும் பம்பையும் ஓட்டும் டிராக்டரின் பின்தண்டு நிமிஷத்துக்கு 540 சுற்று என்னும் உலக வழக்கில் சுழல வேண்டும். எஞ்சின் எத்தனையில் ஓடினால் அந்த 540 கிட்டும் என்று மீட்டரில் குறி இட்டிருப்பார்கள். முள் குறைத்துக் காட்டினால் ஓட்டுபவர் அறியாமல் மேலும் முடுக்குவார். கதிரடிக்கும் உருளை அளவுக்கு மிஞ்சிச் சுழலும். தானியம் உடையும், தாங்கிகள் தேயும். கதிரை ஊட்டுபவரின் கைக்கு அருகில் சுழலும் யந்திரம் அது. காரில் முள் பொய் சொன்னால் பெட்ரோல் வீண். இங்கே பொய் சொன்னால் உடம்புக்கு ஆபத்து. பழைய டிராக்டர்களின் மீட்டரிலேயே மணிக்கணக்கும் ஓடும். கேபிளால் ஓடும் அந்தக் கணக்கு ஒரு குறித்த சுழற்சியில் மட்டுமே கடிகார மணியோடு ஒத்துப்போகும். மெதுவாக ஓடும் எஞ்சினுக்கு ஒரு மணி என்பது அதற்கு அரை மணியாகவும் இருக்கலாம். பழைய டிராக்டர் வாங்குவோர் அந்த எண்ணைப் படிக்கும்போது, கேபிள் அறுந்து எத்தனை பருவம் கிடந்தது என்பதையும் கேட்டுக்கொள்ள வேண்டும்.

இன்றைய வண்டிகளில் கேபிளும் இல்லை, காந்தக் கிண்ணமும் இல்லை. எஞ்சினின் பல்சக்கரத்தில் பற்கள் கடப்பதை ஓர் உணர்கருவி எண்ணிக் கணினிக்குச் சொல்ல, கணினி ஒரு சிறு மோட்டாரால் முள்ளைத் தள்ளுகிறது. பழைய மீட்டர்களைத் திறந்து சுருள்வில்லைத் திருத்தும் கைவினைஞர் அருகிவிட்டனர். அதனால் தாமே திறந்து பார்க்கத் துணிவோர் மிகுந்திருக்கின்றனர். அவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். இரண்டாம் உலகப் போர்க்காலத்து ஜீப்புகளிலும் விமானங்களிலும், அதன்பின் சில ஆண்டுகள் வரை வந்த சில கார்களிலும், இருட்டில் ஒளிர்வதற்காக முள்ளிலும் எண்களிலும் ரேடியம் கலந்த வண்ணம் பூசியிருந்தார்கள். அவ்வண்ணம் இப்போது பெரும்பாலும் ஒளிர்வதில்லை. ஒளிர்ந்தது ரேடியம் அன்று. அதனோடு கலந்த துத்தநாக சல்பைடு. அது களைத்து ஓய்ந்துவிட்டது. ரேடியத்தின் வீரியம் பாதியாகக் குறையவே சுமார் 1,600 ஆண்டுகள் ஆகும். எனவே எண்கள் பழுப்பேறி, இருட்டில் மங்கிக் கிடக்கும் மீட்டரின் கண்ணாடியைக் கழற்றக் கூடாது. அந்த வண்ணத்தைச் சுரண்டவோ, தூசியை வாயால் ஊதவோ கூடாது. கேபிளையும் கம்பியையும் பின்புறத்திலிருந்தே சோதித்துக்கொள்ளலாம்.